சொல்லாமல் விட்ட பின்வாசல்

"ஊருக்கே மைக் போட்டுச் சொல்றீக. உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"இப்ப என்ன சொல்லச் சொல்ற?"

"அவுககிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். எங்கிட்டக் கேளுங்க. 'போகாத, இரு'ன்னு ஒரே ஒரு தடவை கேளுங்க. இந்தப் பைய உள்ள வச்சுர்றேன்."

சாலமன் அன்றைக்குக் கேட்கவில்லை. குனிந்து பையை எடுத்துத் தன் ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தான். பாவம், அவள் தூக்கிச் சிரமப்பட வேண்டாமே என்றுதான் செய்தான். மரிய அனிதா பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்காரர் சந்தில் அவள் பார்த்து வைத்திருந்த வாடகை அறை வரைக்கும் கட்டிய புருஷனே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான். அது ஏப்ரல் கடைசி. இப்போது ஆடி பிறந்துவிட்டது. அந்த இரண்டு சொல்லும் இன்னும் அவன் தொண்டையிலேதான் கிடந்தன.

இத்தனைக்கும் காரைக்குடியில் அவன் குரலை அறியாத ஆள் கிடையாது. ஆட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு பத்து வருஷமாகச் சுற்றுகிறவன். அம்மன் கோயில் சந்தனக்காப்பு, மாதா கோயில் தேர்பவனி, பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, இன்னார் இறந்துவிட்டார் இத்தனை மணிக்கு அடக்கம் என எல்லாச் செய்தியும் அவன் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். கொரோனா வந்ததும் நகராட்சி அவனையே அமர்த்திக்கொண்டது. எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள், எந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று காலையில் ஒரு தாள் வரும். அவன் வண்டி முனை திரும்பும்போதே பெண்கள் சன்னலைச் சாத்தினார்கள். "எமன் ஆட்டோ வருதுடா, தள்ளி நில்லு" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

அனிதா அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சந்தேகப்பட்டு வருகிறவர்களின் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பது அவள் வேலை. "நான் நர்ஸ் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எல்லோருக்கும் நர்ஸம்மாவாகவே ஆகிவிட்டாள். மாமியார் அவள் துணிமணிகளை வாசலில் போட்டு, நடுவே ஒரு கயிற்றையும் கட்டி, "வேலையை விடு, இல்லாட்டி இந்தக் கயித்துக்கு இங்குட்டு வராத" என்றபோது சாலமன் பக்கத்தில்தான் இருந்தான். ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்ததையே மறுபடியும் துடைத்தான்.

அவள் குடிபோன இடம் ஒரு செட்டிமார் வீட்டின் பின்கட்டு. மற்றப் பெரிய வீடுகளைப் போலவே அதற்கும் இரண்டு தெரு. முகப்பு அருணாசலம் வீதியில் இருந்தது. நாலு கட்டும் நடந்து வந்தால் பின்வாசல் வண்டிக்காரர் சந்தில் திறக்கும். கதவு எண் பதினெட்டு என்பது முன்தெருக் கணக்கு. சந்துக்காரர்களுக்கு அது சிவப்புக் கதவு வீடு, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். முன்கட்டில் காவல்காரர் பொன்னழகுவும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள்.

ஆறு நாளைக்கு முன்பு அந்த மனைவிக்குத் தொற்று உறுதியாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொன்னழகு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. சுகாதார ஆய்வாளர் கார்த்திகேய சிவம் தாளைச் சாலமனிடம் நீட்டி, "முன்பக்கம் தகரம் அடிச்சாச்சு. பின்பக்கத்துக்குத் தகரம் இல்ல, வந்ததும் அடிக்கிறோம். அதுவரைக்கும் நீங்கதான் தகரம். ரெண்டு தெருவுலயும் நல்லாச் சொல்லிருங்க சாலமன்" என்றார்.

அருணாசலம் வீதியில் மூன்று தடவை சொன்னான். சந்துக்கு வந்தபோது வண்டி தானாக மெதுவானது. அனிதா அப்போது அங்கே இல்லை. ஏழு நாள் தொடர் வேலை, ஆஸ்பத்திரியிலேயே தங்கல். ஆனால் சனிக்கிழமை திரும்பி வருவாளே. பின்வாசல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தச் சந்து அவளைப் படியேற விடுமா? பால் ஊற்றுமா? ஒரு கயிறு போதாதா அவளுக்கு?

பின்வாசலுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த சேவுகப்பெருமாள் கல்லாவில் இருந்தபடியே கேட்டார். "என்ன சாலமா, நம்ம சந்துக்கு என்ன சேதி கொண்டாந்த?"

சாலமன் மைக்கை எடுத்தான். "பொதுமக்கள் கவனத்துக்கு. அருணாசலம் வீதி, கதவு எண் பதினெட்டு..." என்று வாசித்தான். பின்வாசல் என்றிருந்த அடுத்த வரியின் மேல் கட்டை விரல் இருந்தது. விரலை எடுக்கவில்லை.

"அந்தத் தெருவா. அப்பச் சரி" என்று சேவுகப்பெருமாள் பருப்பு நிறுக்கப் போனார்.

தகரம் ஆறு நாளாகியும் வரவில்லை. பொன்னழகு தினமும் காலையில் பின்வாசலைத் திறந்து சந்துக் குழாயில் தண்ணீர் பிடித்தார். எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, வேண்டாமென்றால் தடுக்கட்டும் என்று அவர் நினைத்திருந்தார். குழாயடியில் அவருக்குக் குடம் தூக்கிவிட்டது சேவுகப்பெருமாளின் மனைவி மஹாலட்சுமி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மஹாலட்சுமியை 108 வண்டியில் ஏற்றினார்கள். மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாரித்திருந்தது. விவரம் எழுதிய சுகாதாரப் பணியாளர், "பதினெட்டாம் நம்பர் வீட்டுப் பின்வாசலுக்கு எதிர் வீடுதானே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

அந்தப் பதினெட்டு சிவப்புக் கதவு வீடுதான் என்று சந்துக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு யாரோ சொன்னார்கள்: "நர்ஸ் புருஷன்தானடா அறிவிப்புச் சொன்னான்."

சாலமன் அப்போது இரண்டு தெரு தள்ளிக் காய்ச்சல் முகாமுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கூச்சல் கேட்டது. எந்தத் திசை என்று தெரிந்ததும் வாசித்துக்கொண்டிருந்த தாளைப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான்.

முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அனிதாவின் ஸ்கூட்டரைச் சாய்த்துப்போட்டு, கண்ணாடி, விளக்கு, சீட்டு என்று ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி முன்புதான் அவள் வந்து இறங்கியிருந்தாள். பின்வாசலின் மேல் சன்னலுக்குள் கல் போய்க்கொண்டே இருந்தது. ஒருவன் கடப்பாறையால் சிவப்புக் கதவின் கீலை நெம்பினான். "அவ ஒரு வாரமா இங்க இல்லவே இல்லைடா" என்று ஒரு குரல் கேட்டது. அதைக் கேட்க அங்கே காது இல்லை. "மயிரப் புடிச்சு இழுத்துக்கிட்டு வாங்க" என்றாள் ஒரு பெண். போன மாதம் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அனிதாவின் கதவைத் தட்டியவள் அவள்.

சாலமன் வண்டியை விட்டு இறங்கவில்லை. மைக்கைத்தான் எடுத்தான்.

"நிறுத்துங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பின்வாசல்னு எழுதியிருந்துச்சு. மறைச்சது நான். நான்தான் வாசிக்காம விட்டேன்."

ஊர் முழுக்கத் தெரிந்த குரல் அந்தச் சந்தின் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியது. கடப்பாறை நின்றது. எல்லா முகமும் இங்குட்டுத் திரும்பியது.

முதல் கல் முன்கண்ணாடியை நொறுக்கியது. சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். மைக் கம்பி அவன் கழுத்தைச் சுற்றி இறுகியது. யாரோ அதைப் பிடித்தே தரையில் தேய்த்துக்கொண்டு போனார்கள். கூரைக் குழாய்கள் இரண்டையும் பிய்த்து, ஒன்றால் அவன் முதுகில் அடித்தார்கள். தகரம் சப்பையாகும் வரை அடித்தார்கள். விலாவில் விழுந்த மிதியில் மூச்சு அறுந்தது. சேவுகப்பெருமாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் தராசின் இரண்டு கிலோ எடைக்கல்.

"எம் பொண்டாட்டிக்கு மூச்சு வரலடா."

"அண்ணே."

"எம் பிள்ளைக்குக் காது குத்துன அன்னிக்கு உன் வாயாலதானடா ஊரைக் கூப்பிட்டேன். அந்த வாயி..."

எடைக்கல் வாயில் இறங்கியது. பல் உடைந்த சத்தத்தைச் சாலமன் தலைக்குள்ளிருந்து கேட்டான். ரத்தம் தொண்டைக்குள் போனது. மறுபடி கை ஓங்கியது. தடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சரிதான் என்று தோன்றியது.

அப்போது சிவப்புக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. வேலையிலிருந்து வந்ததும் குளிக்க அடுப்பில் வைத்திருந்த வெந்நீர் அண்டாவோடு அனிதா நின்றாள். முன்னால் நின்றவர்களின் கால்களைப் பார்த்து அப்படியே வீசினாள். ஒருவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். கூட்டம் பின்வாங்கிய அந்த இடைவெளியில் குனிந்து, புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்து, மூட்டையை இழுப்பதுபோல் படியேற்றினாள். அவள் தோளிலும் ஒரு கல் விழுந்தது. விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

உள்ளே பொன்னழகு இருமிக்கொண்டே ஓடி வந்தார்.

"அங்குட்டே நில்லுங்கண்ணே, கிட்ட வராதீக."

"கதவு விழுந்துட்டா யாரு எங்கிட்டு நின்னு என்னம்மா?" என்று அவர் கதவுக்கு முதுகைக் கொடுத்தார். அனிதாவும் கொடுத்தாள். சாலமன் நெல் குத்தும் உலக்கை ஒன்று சுவரில் சாய்ந்திருப்பதைக் கண்டு தவழ்ந்து போய் எடுத்தான்.

பழைய தேக்குதான். ஆனால் கடப்பாறைக்கு முன்னால் எவ்வளவு நேரம் தாங்கும்? நடுப்பலகை பிளந்து, அந்தப் பொத்தல் வழியே ஒரு கை உள்ளே வந்து தாழ்ப்பாளைத் தடவியது. நீலக்கல் மோதிரம் போட்ட கை. எத்தனையோ தடவை மளிகைக்கடைக் கல்லாவிலிருந்து அவனுக்குக் கடலைமிட்டாய் எடுத்து நீட்டிய கை. அது தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தது. சாலமன் உலக்கையை ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கதவுக்கு இரண்டு பக்கமும் கேட்டது. கை தொங்கியபடி வெளியே போனது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய உலக்கையை அனிதா பிடித்துக்கொண்டாள்.

"போதும்."

"அவர் கைதான், அனிதா. அவர் கைய நான்..."

"தெரியும். கீழ வைங்க."

போலீஸ் வந்தது அதற்கப்புறம்தான். வந்தவர்களும் குறை வைக்கவில்லை. ஓடினவன், நின்றவன், வேடிக்கை பார்த்தவன் என்று பார்க்காமல் லத்தி பாய்ந்தது. கால் மணி நேரம் சந்து முழுக்க அடி சத்தமும் அழுகையுமாக இருந்தது. பிறகு அடங்கியது. சேவுகப்பெருமாள் தன் கடைப் படியில், முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, பெண்சாதியின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அனிதா கணவனின் வாயைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் விரல் அவன் முகத்தில் பட்டது இப்போதுதான். கையுறை போட்டிருந்தாள்.

"ஏங்க மறைச்சீக?"

"உன்னைய விரட்டிருவாகன்னு."

"அங்கயும் வாயத் திறக்கல, இங்கயும் திறக்கல. அந்த அக்காவுக்கு என்னமும் ஆனா என்னங்க சொல்லுவீக?"

சாலமன் பிளந்த கதவு வழியே எதிர்க் கடைப் படியைப் பார்த்தான்.

கார்த்திகேய சிவம் உடைந்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாலமனைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது. "உங்க மேல எழுத வேண்டியத நான் எழுதத்தான் போறேன். அது அப்புறம். பொன்னழகுகூட உள்ள இருந்துட்டீங்க, பதினாலு நாள் இந்த வீட்டை விட்டு நகரக்கூடாது. தையல் போட ஆள் வரும். ரெண்டு வாசல்லயும் போலீஸ் நிக்கும்." பிறகு அனிதாவிடம், "உங்களுக்கு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல தனி ரூம் சொல்லிட்டேம்மா. அங்கயே தனியா இருந்துக்கலாம். பையை எடுத்துக்கிட்டு வாங்க, வண்டி நிக்குது" என்றார்.

அவள் உள்ளே போனாள். அதே பையோடு வந்தாள். அவனுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு முகக்கவசத்தின் நாடாவைக் காதில் மாட்டினாள். மெதுவாக மாட்டினாள்.

சாலமனின் கை பழக்கத்தில் பையின் பிடிக்குப் போனது. தூக்கிக் கொடுக்க வேண்டும், பாவம் தோளில் அடிபட்டிருக்கிறது. அனிதா அந்தக் கையைப் பார்த்தாள். அவன் கை பாதியில் நின்றது. பிடியை விட்டான்.

ஏதோ சொன்னான். கிழிந்த உதட்டில் காற்றுதான் வந்தது.

"என்ன?"

வாசலில் போலீஸ்காரர் நின்றார். பொன்னழகு தூணோரம் நின்றார். உடைந்த பலகை வழியே சந்து முழுக்கத் தெரிந்தது. எதிர்ப் படியில் சேவுகப்பெருமாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். சாலமன் வாயில் இருந்த துணியை எடுத்தான். ரத்தத்தை ஓரமாகத் துப்பினான்.

"போகாத, அனிதா" என்றான். மைக் இல்லாமலே அது கடைசி வீடு வரைக்கும் கேட்டது. "எங்கூட இரு."