பித்தளை டோக்கன்

திருவள்ளூரில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மனு அடித்துக் கொடுக்கும் பார்த்திபனுக்கு, ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு அடித்தால்தான் விரல் ஓடும். எதிரே உட்கார்ந்திருந்த கிரேஸுக்கும் சொன்னார். அசல் என்றால் அரபியில் வேர். நவாபு காலத்து அரசாங்கக் காகிதங்களோடு நம்மிடம் வந்த சொல். நகல் என்றால் ஓரிடத்திலிருந்து எடுத்துப் போனது. எடுத்துப் போனது வாடலாம், வேர் நின்ற இடத்தில் நிற்கும் என்றார்.

கிரேஸின் கணவன் பென்னி கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆள். உள்ளே போகும்போது அடையாள அட்டையைக் கேட்டில் கொடுத்துப் பித்தளை டோக்கன் வாங்க வேண்டும். வெளியே வரும்போது டோக்கனைக் கொடுத்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். ஆணியில் எத்தனை அட்டை தொங்குகிறதோ அத்தனை பேர் உள்ளே. பார்த்திபனுக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது.

பழுக்கக் காய்ந்த கம்பி பாய்ந்து பென்னி செத்தான். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்றது மில். அட்டை ஆணியில் இல்லை. பிணவறையில் கொடுத்த பேண்ட் பையில் மட்டும் 214ஆம் எண் டோக்கன் இருந்தது. உள்ளே போய்த் திரும்பாதவனிடம்தான் அது இருக்க முடியும்.

"ஜெராக்ஸ் வெச்சா போதாதா சார்? இது ஒண்ணுதான் எங்கைல கீது."

"ஜெராக்ஸை எவன் மதிப்பான்? அசலை வெச்சாதாம்மா ஆபீஸ் அசையும்."

ஜெராக்ஸில் டோக்கன் வெறும் கறுப்பு வட்டமாக விழுந்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, டோக்கனைக் கவரில் போட்டு நஷ்டஈட்டு மனுவோடு பின் அடித்தார்.

மனு கொடுத்த நாலாவது திங்கட்கிழமை கிரேஸ் வந்தாள். விளக்கம் கேட்டு மனுவை இணைப்போடு மில்லுக்கே அனுப்பியிருக்கிறார்கள் ஆட்சியர் அலுவலகத்தில். விளக்கம் வந்தது. கவர் வரவில்லை. ஜெராக்ஸைக் காட்டியதற்கு, அசலைக் கொண்டு வரச் சொன்னாராம் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னாராம்.



"வேருன்னு நீங்கதான சார் சொன்னீங்க," என்றாள் கிரேஸ். குரல் உயரவில்லை. "அத்த நீங்களே புடுங்கிக் குடுத்துட்டீங்களே."

அவர் புதுத் தாளைச் செருகினார். பெறுநர், பொருள் எல்லாம் அடித்தார். 'இணைப்பு' என்று அடித்துவிட்டு, கறுப்பு வட்டத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.