மேவிஸ் வீட்டுக்குப் போன சூடு

1993 ஜனவரியிலிருந்து ஹெர்பர்ட் பேரக்ளஃபின் பாய்லர் அவர் வீட்டைச் சூடாக்கவில்லை. அரை மைல் தள்ளி, மேட்டின் மேல், அவரை விட்டுப் பிரிந்துபோன மனைவி மேவிஸின் வீட்டைச் சூடாக்கியது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய், ஒரு ரயில் பாதை, ஒரு தேவாலயம், எங்கள் தெருவின் நாற்பது வீடுகள் இருந்தன. குழாய் எதுவும் இல்லை. வட இங்கிலாந்தில் எங்கள் ஊரான கீத்லியில் அந்த ஆண்டு பனி ஆறு வாரம் பெய்தது, அதாவது வழக்கம்போல.

மேவிஸ் போனது தெர்மோஸ்டாட்டால்தான். நடைவழிச் சுவரில், வீட்டுச் சூட்டின் அளவை வைக்கிற அந்தச் சின்ன வட்டத்தை ஹெர்பர்ட் பதினைந்து டிகிரியில் வைப்பார். அவர் ரயில்வே சிக்னல் வேலைக்குப் போனதும் மேவிஸ் இருபதுக்குத் திருப்புவார். திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றும் முன்பே பதினைந்துக்கு இறக்கி, ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்பார். எங்கள் ஊரில் இந்தச் சண்டை இல்லாத வீடு கிடையாது, அதற்காக யாரும் வீட்டை விட்டுப் போனதும் கிடையாது. மேவிஸ் இருபத்தாறு வருடம் ஸ்வெட்டர் போட்டார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, சத்தம் போடாமல், இரண்டு பெட்டியோடு மேட்டுக்கு வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்.

மறுநாள் ஹெர்பர்ட் தானே முள்ளை இருபதுக்கு ஏற்றினார். வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பாய்லர் உறுமியது, வீடு மட்டும் ஐஸாகவே கிடந்தது. பழுது பார்க்கிற தாரிக் மஹ்மூத் வந்து, அதுவரை மேவிஸ் மட்டுமே கவனித்துவந்த அத்தனை பாகங்களையும் அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். பாய்லர் தண்ணீரைக் காய்ச்சும், பம்பு அதைத் தள்ளும், பரணில் இருக்கிற சின்னத் தொட்டி குறைந்ததை நிரப்பும், கடிகாரம் எப்போது எரிய வேண்டும் என்று சொல்லும், தெர்மோஸ்டாட் போதும் என்று சொல்லும். அறைகளுக்குச் சூடு தருகிற ஏழு ரேடியேட்டர்களிலும் சிக்கிய காற்றைத் திறந்துவிட்டுப் பார்த்தான். எதிலும் குறையில்லை.

"போற தண்ணி கொதிக்குது, திரும்பி வர்ற தண்ணி சில்லுன்னு வருது" என்றான் தாரிக். "நடுவுல சூட்டை யாரோ வாங்கிக்கிறாங்க, ஐயா."

வாங்கிக்கொள்வது யார் என்பது அடுத்த வாரமே தெரிந்தது. வருடாந்தரச் சோதனைக்கு மேவிஸ் வீட்டுக்குப் போன தாரிக், அங்கே பாய்லருக்குள் சிலந்தி வலை கட்டியிருந்ததையும், ரேடியேட்டர்கள் மேல் துண்டுகள் மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்ததையும் பார்த்துவிட்டு நேராக ஹெர்பர்ட்டிடம் வந்து சொன்னான். ஹெர்பர்ட் நம்பவில்லை. ஒருநாள் மதியம் தன் பாய்லரை அணைத்துவிட்டு, மேட்டில் மேவிஸ் வீட்டெதிரே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். ஒரு மணி நேரத்தில் மேவிஸ் கோட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். அறுபத்தி நான்கு வயசு மனுஷன் பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்து பாய்லரைப் பற்றவைத்தார்.

தாரிக்கிடம், வாயைத் திறக்காதே என்று கேட்டுக்கொண்டார். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று மேவிஸ் ஒருநாள் தானாகவே கண்டுபிடிப்பார், கண்டுபிடித்தால் இறங்கி வருவார். இதை மட்டுமே நம்பிக்கொண்டு ஒன்பது குளிர்காலம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே கோட்டு, தொப்பி, இரண்டு ஜோடி கையுறை. பாலை ஃப்ரிட்ஜில் வைப்பதையே விட்டுவிட்டார். ஹெர்பர்ட் வீட்டில் ஆட்டிறைச்சி தொங்கவிடலாம் என்று மதுக்கடையில் கிண்டல் செய்தோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த ஏழு குளிர்ந்த ரேடியேட்டர்களையும் சாவி போட்டுத் திறந்து காற்றை வெளியேற்றுவார், பரணில் ஏறித் தொட்டியைப் பார்ப்பார், எல்லா வால்வுக்கும் பெயர் எழுதிச் சீட்டுக் கட்டுவார். அவற்றைத் தவிர வேறு யாரோடும் அவருக்குப் பேச்சு இருக்கவில்லை.

2002 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் மேவிஸ் வந்து கதவைத் தட்டினார்.

"ஹெர்பர்ட், கொஞ்சம் குறைச்சு வை. ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்கார வேண்டியிருக்கு."

ஹெர்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "உனக்குத் தெரியுமா?"

"மொத வருஷமே தெரியும். நிமிஷம் தவறாம காலைல ஆறரைக்குச் சூடு வந்துச்சு, நம்ம பாய்லர் கடிகாரம் மாதிரியே. வேற யாரு?"

உள்ளே வா, டீ போடுகிறேன் என்றார் ஹெர்பர்ட். மேவிஸ் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நடைவழியில் ஹெர்பர்ட்டின் மூச்சு புகையாக நின்றது.

"வேண்டாம். உள்ள குளிரும்" என்று சொல்லி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேடேறிப் போனார்.

ஹெர்பர்ட் முள்ளைப் பதினெட்டுக்கு இறக்கினார். அதற்குப் பிறகு வருடம் தவறாமல், பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மேவிஸ் வாசல்வரை வந்து எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஹெர்பர்ட் அவ்வளவு வைக்கிறார்.