வலப்பக்கக் கதவு

ஆதிலட்சுமிக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. மூட்டுவாதம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆட்டோவில் ஏற்றினால் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காரில் ஏற்றி உட்காரவைப்பதற்குள் தெருவே கூடிவிடும். திருவண்ணாமலைக்கு வாக்கப்பட்டு வந்தும் ஒரு தடவைகூட மலையைச் சுற்றவில்லை என்பது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

அந்த முள்ளை எடுக்கத்தான் அவள் கணவர் தருமன் பழைய பள்ளிக்கூடப் பஸ்ஸை வாங்கினார். அவரே பல வருஷம் ஓட்டிய பஸ். வயதாகிவிட்டது என்று பள்ளிக்கூடம் அதைக் காயலான் கடைக்குத் தள்ளப் பார்த்தபோது, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"சீட்டெல்லாம் கழட்டிட்டு கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே வச்சிடலாம். நீ கால நீட்டிக்கினு மலைய பாத்துக்கினே சுத்தி வரணும், அவ்ளோதான்" என்றார். காகிதத்தில் படமும் வரைந்து, வேங்கிக்காலில் வண்டிகளுக்குக் கூடு கட்டும் சுரேஷ்குமாரிடம் கொடுத்தார். வேலை பாதியில் இருக்கும்போது மார்கழியில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்று சொல்லாதவர்கள் இல்லை. சுரேஷ்குமார் மட்டும் கருமாதி முடிந்த கையோடு வந்து, "அண்ணன் சொன்ன வேல அண்ணி, நான் முடிச்சித் தரேன்" என்றான். முடித்தும் கொடுத்தான். மஞ்சளை மறைத்து வெள்ளை அடித்திருந்தான். அவள் பக்கவாட்டில் ஏறுவதற்குத் தோதாகத் தாழ்வான படியும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்திருந்தான்.

பௌர்ணமியில் கிரிவலப் பாதைக்குள் வண்டிகளை விடமாட்டார்கள். அதனால் கூட்டமில்லாத ஒரு வியாழக்கிழமை காலையில் கிளம்பினார்கள். சுரேஷ்குமார் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தான். தருமனின் அக்கா ரேணுகாம்பாள் டீ பிளாஸ்க்கோடு உள்ளே ஏறி, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.

செங்கம் ரோடு திரும்பியதும் ஆதிலட்சுமி தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தாள். லாட்ஜ் வந்தது. இளநீர் வண்டி வந்தது. வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்த காபிக் கடை வந்தது. மலை வரவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம் போனா தெரியுமாக்கா?"

ரேணுகாம்பாள் ஜன்னலைப் பார்த்தாள், திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் தரையிலிருந்து கூரை வரைக்கும் சமையல் அலமாரி.

"டேய் சுரேஷு, நிறுத்துடா! மலையச் சுத்தும்போது மலை எந்தப் பக்கம்டா இருக்கும்?"

"வலப்பக்கம் அக்கா."

"கட்டில எந்தப் பக்கம் போட்டிருக்க?"

ஆசிரமம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் பஸ் நின்றது. சுரேஷ்குமார் உள்ளே வந்து, வெகுநேரம் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தான்.

"அண்ணன் வரைஞ்சபடிதான் அக்கா செஞ்சேன். படத்துல கட்டில் இப்படித்தான் இருந்திச்சி."

ஆதிலட்சுமிக்கு விளங்கிவிட்டது. தருமன் தினமும் காலையில் வண்டிக்கு எதிரே நின்று கற்பூரம் காட்டுகிறவர். சாமியைப் பார்ப்பதுபோல் வண்டியை எதிரே நின்று பார்த்தே பழக்கம். படத்தையும் அப்படி நின்றே வரைந்திருக்கிறார். அவருடைய வலது கை, வண்டிக்கு இடதுபக்கம்.

"என் தம்பிக்கு சின்ன வயசிலயே செருப்பு மாறிப் போவும்" என்றாள் ரேணுகாம்பாள். சிரிக்கத்தான் சொன்னாள். குரல் உடைந்துவிட்டது.

"திருப்பிக்கினு எதிர்ப்பக்கமா சுத்தினா கட்டில் பக்கம் மலை வந்துடும்" என்று சுரேஷ்குமார் மெதுவாக இழுத்தான்.

"அப்பிரதட்சணமாவா? வாயக் கழுவுடா!"

"அப்ப ஒரு மாசம் வண்டிய விடுங்க அண்ணி. அலமாரியப் பிரிச்சிட்டு ஜன்னல் வச்சிடறேன்."

ஆதிலட்சுமிக்கு அழுகை முட்டியது. பிரித்துவிடலாம்தான். ஆனால் அவர் நினைத்து நினைத்துச் செய்தது முதல் நாளே தப்பாகிப் போனதே என்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. தினமும் வண்டி எடுக்கும் முன்பு தருமன் பின்பக்கம் போய் ஒரு கதவைத் திறந்து மூடுவார். கிரீச்சென்று தெருமுனை வரை கேட்கும்.

"சுரேஷு, ஆபத்துக்கு இறங்கற கதவு ஒண்ணு இருக்குமே, அது எந்தப் பக்கம்?"

சுரேஷ்குமார் வண்டியின் பின்பகுதிக்கு ஓடினான். அலமாரி முடிகிற இடத்தில், கட்டிலுக்கு நேர் எதிரே, மிஞ்சிய பலகைகளை அடுக்கிச் சாய்த்திருந்தான். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான்.

"இதையும் அடைச்சிடறேன்னு சொன்னேன் அண்ணி. அண்ணன்தான் சண்டைக்கே வந்துட்டாரு. உள்ள ஆள் இருக்கற வண்டிக்கு ரெண்டு வழி இருக்கணும், அதத் தொடாதேன்னுட்டாரு."

கடைசிப் பலகை நகர்ந்ததும் கதவின் பாதி உயரத்துக்குப் போட்டிருந்த கண்ணாடி தெரிந்தது. கண்ணாடி முழுக்க மலை.

ஆதிலட்சுமி ஆவலில் அந்தப் பக்கம் திரும்பிக் கால்களை நீட்டினாள்.

"ஏய் லட்சுமி, மலைய பாத்தா கால நீட்ற!" என்று ரேணுகாம்பாள் அவள் கால்களைப் பிடித்து நீளவாக்கில் திருப்பிவைத்தாள். முதுகுக்குத் தலையணையைச் சொருகினாள். "இப்ப தலைய மட்டும் திருப்பு. ஆங்."

பஸ் நகர்ந்தது. வீட்டு வாசலிலிருந்து இத்தனை காலம் ஒரே முகமாகப் பார்த்த மலை, வளைவுக்கு வளைவு வேறாகிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் கூர்மையாக நின்றது. இன்னோர் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தது. அவள் கைகூப்பினாள். மலைக்கா, தருமனுக்கா, முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கா என்று அவளே பிரித்துப் பார்க்கவில்லை.

ஆதி அண்ணாமலையில் டீக்கு நிறுத்தினார்கள். சுரேஷ்குமார் வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறந்தான். கிரீச்.

"வீட்டுக்குப் போனதும் எண்ண போட்டுடறேன் அண்ணி. ஜன்னலும்…"

"ஜன்னல் வேணாம்பா. எண்ணயும் போடாத" என்றாள் ஆதிலட்சுமி. "நீ செஞ்சது போதும். நல்லா இருப்ப."

ரேணுகாம்பாள் பிளாஸ்க்கைத் திருகி, முதல் தம்ளரை அவனிடம் நீட்டினாள்.