கீத் கொடுத்த உளிகள்

வடகிழக்கு இங்கிலாந்தில் ரெட்கார் என்ற ஊருக்குப் போகும் கடற்கரைச் சாலையில் போலீஸ் கை காட்டியதும் தச்சர் டெரிக் கார்பட் தன் வேனை ஓரங்கட்டினார். அவருக்கு அது புதிதில்லை. தச்சர், பிளம்பர் என்று பாராமல் வேன்களை உடைத்துக் கருவிகளை அள்ளிக்கொண்டு போகும் கும்பல் ஒன்று அந்த வட்டாரத்தில் கிளம்பியிருந்தது. வெள்ளை வேன் என்றாலே இப்போது நிறுத்திப் பார்க்கிறார்கள்.

ஹோல்ட் என்ற இளம் பெண் கான்ஸ்டபிள் மரியாதையாகத்தான் பேசினார். கதவுப் பையில் கிடந்த கத்தியைப் பார்த்து அது எதற்கு என்று கேட்டார். பென்சில் சீவ, அடையாளம் கீற என்றார் டெரிக். இன்று வேலைக்குத்தான் போகிறாரா என்று கேட்டார். ஆமாம், ஒரு வீட்டில் கதவுகள் மாட்ட வேண்டும் என்றார். அதுவரை எல்லாம் சுமுகம். பின்கதவைத் திறந்து தோல் உறையைப் பிரித்ததும்தான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

உறையில் வரிசையாக உளிகள். ஒவ்வொரு பிடியிலும் 'எல்.டி.' என்று சூடு போட்டிருந்தது.

"உங்க பேர் டெரிக் கார்பட்னு சொன்னீங்க. இது யாரோட எழுத்து, சார்?"

லென் தர்ல்வெல்லுடையது என்றார் டெரிக். அவரும் லென்னும் பாதி ஆயுளை ஒரே வேனில் கழித்த கூட்டாளிகள். லென் போன இலையுதிர் காலத்தில் இறந்துவிட்டான். அவன் மகன் கீத் இந்த வசந்தத்தில் டெரிக்கைக் கூப்பிட்டு, வீட்டுக் கொட்டகையிலிருந்து உளிகளை எடுத்துக் கொடுத்தான்.

ஹோல்ட் காருக்குப் போய் ரேடியோவில் யாரிடமோ பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் அந்தப் பழைய இளக்கம் இல்லை. தர்ல்வெல் வீட்டுக் கொட்டகையை உடைத்து உளிகளைத் திருடிவிட்டார்கள் என்று வசந்தத்திலேயே புகார் பதிவாகியிருக்கிறதாம். புகார் கொடுத்தவர் திருமதி நார்மா தர்ல்வெல்.

டெரிக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. லென்னின் மனைவி நார்மாவா? லென்னின் சவப்பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கியவரே டெரிக்தான். கீத்துக்குப் போன் போட்டார். கீத் வட கடலில் எண்ணெய் மேடையில் வேலையாக இருந்தான். மணி அடித்து அடித்து நின்றது.

நார்மா வீட்டுக்கே போய்க் கேட்டுவிடலாம் என்றார் ஹோல்ட். டெரிக்கைப் போலீஸ் காரின் பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். கூட வந்த இன்னொரு கான்ஸ்டபிள் வேனை ஓட்டி வந்தார்.

பின்சீட்டில் உட்கார்ந்ததும் டெரிக்கின் மனம் தடுமாறத் தொடங்கியது. கீத் அன்று என்ன சொன்னான்? 'எடுத்துக்கோங்க' என்றானா, 'வச்சிருங்க' என்றானா? நார்மா வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து அவன் ஏன் கூப்பிட்டான்? அவன் கொடுத்தானா, இல்லை, தானே ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டாரா? யோசிக்க யோசிக்க, திருடியவனுக்கு இருக்க வேண்டிய பயம் அவருக்கே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, வழியில் கசாப்புக் கடைக்காரர் அவரை அடையாளம் கண்டு கையசைத்தார். பதிலுக்குக் கையசைப்பதா வேண்டாமா என்றும் புரியவில்லை.

நார்மா கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. உள்ளே ஒரு தாழ்ப்பாள், பிறகு இன்னொன்று, பிறகு நாற்காலியை நகர்த்தும் சத்தம். கதவு விரற்கடை அளவுக்குத் திறந்தது.

"திருடன் ஆப்ட்டுக்கிட்டான்னு சொன்னாங்க," என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நீயா, டெரிக்?"

கீத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வரும் வழியில் ஒருவாறு முடிவு செய்திருந்தார். ஏதோ குழப்பம், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தார். ஆனால் அந்தக் கதவைப் பார்த்ததும் பொய் சொல்ல வாய் வரவில்லை. புதுத் தாழ்ப்பாள்களின் திருகுகள் கோணலாக இறங்கியிருந்தன, அவளே மாட்டியிருக்கிறாள். பட்டப்பகலில் எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது.

"கீத் குடுத்தான், நார்மா. யாரும் கொட்டகைய உடைக்கல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். லென் போன பிறகு தான் பொழுதெல்லாம் அந்தக் கொட்டகையிலேயே கிடந்ததை, சாப்பாட்டுத் தட்டைக்கூட அங்கேயே கொண்டு போனதை, கீத் அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டதைத் துண்டு துண்டாகச் சொன்னாள். உளிகள் காணாமல் போன அன்று அவள் வீடு திரும்பியபோது, யாரோ பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று அவன்தான் சொன்னானாம். போலீஸுக்குப் போக வேண்டாம் என்று தடுத்தும் பார்த்தானாம்.

"அப்போ ராத்திரி யாரும் உள்ள வரலையா?" என்று கேட்டாள்.

"வரல."

"இத்தன நாளும்?"

"யாருமே வரல, நார்மா."

அவள் சிரிப்பது போல ஆரம்பித்து அழுதாள். ஹோல்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, புகாரைத் திரும்பப் பெறுவதா, மகனை விசாரிப்பதா என்று தானும் தெளிவில்லாமல் நின்றார். கடைசியில், திருட்டே நடக்கவில்லை என்று நார்மா சொன்னதை மேலிடத்தில் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு, டெரிக்கிடம் வேன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தோல் உறை சமையலறை மேசையில் கிடந்தது.

"எடுத்துட்டுப் போ. உனக்கு வேலைக்கு வேணும்," என்றாள் நார்மா. ஆனால் அவள் கை உறையின் மேலிருந்து எழவில்லை. டெரிக் அந்தக் கையைப் பார்த்தார். தன்னிடமே வேறு உளிகள் உண்டு என்று சொல்லிவிட்டு எழுந்தார். உண்டுதான், கடையில் வாங்கிய மட்டமான செட். புறப்படும் முன் அவள் கேட்காமலே தாழ்ப்பாள்களில் ஒன்றைக் கழற்றி, மற்றதை நேராக்கி மாட்டினார்.

மதியத்துக்கு மேல், காலையில் வேலைக்குப் போயிருக்க வேண்டிய வீட்டில் கதவுக்குக் கீல் பதிக்கக் குழி செதுக்கினார். மட்டமான உளி முனை மழுங்கி, மரம் பிசிறு பிசிறாகக் கிளம்பியது. வீட்டுக்காரி ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, போலீஸ் நிறுத்திவிட்டது என்று மட்டும் சொன்னார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கீத் கூப்பிட்டான். "அம்மாகிட்ட என்ன சொன்னீங்க, மாமா?"

அம்மாவை அந்தக் கொட்டகையிலிருந்து மீட்கவே பொய் சொன்ன பையன். அந்தப் பொய்யாலேயே விளக்கை அணைக்காமல் கிடந்த அம்மா. கோபப்பட வேண்டியது யார் மேல் என்றே டெரிக்குக்குப் பிடிபடவில்லை.

"நடந்ததச் சொன்னேன்," என்றார். "நீ முதல்ல அவளுக்குப் போன் பண்ணு."