ஒரு காகித இடைவெளி

நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை பால்கனியில் மாட்டிக்கொண்டான்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், ஒரு கட்டடத்தின் கடைசி மாடி ஃப்ளாட் அது. ஆபீஸ் போன் வந்ததும் நவநீத் பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான். விருந்தினர் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். பேசி முடித்து இழுத்தால் கதவு அசையவில்லை. ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணாடியை உடைச்சுடலாம்," என்றார் கல்யாணப்பெண் ஜானவியின் அப்பா சேஷன், கையில் சுத்தியலோடு.

ஜானவி கதவின் மேல்விளிம்பைப் பார்த்தாள். கான்கிரீட் வருஷக்கணக்கில் எவ்வளவு தாழும் என்று கணக்கிடுவதுதான் அவள் வேலை. கதவு வைத்த அன்றே மேலே ஒரு விரல் இடம் விடச் சொன்னாள். "பல்லி வரும்டீ" என்று அப்பா ரப்பர் வைத்து அடைத்துவிட்டார். மிஞ்சிய இடைவெளியை ஓணத்துக்கு ஓணம் அவள் அளந்தாள். முதலில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது; அப்புறம் விசிட்டிங் கார்டு; போன ஓணத்துக்குக் காகிதம் மட்டும். கதவுக்கு மேலிருக்கும் கான்கிரீட் பீம் அவள் கணக்கைத் தாண்டி ஒரு நூல்கூட இறங்கவில்லை, பயமில்லை. ஆனால் இன்று அந்த பீமுக்கு நேர் மேலே இரண்டு குடும்பமும் உட்கார்ந்து கடல்காற்று வாங்குகிறது.

"மேல இருக்கறவா நகர்ந்தா பாரம் குறைஞ்சு திறந்துடும்ப்பா."

"அப்போ நீயே போய்ச் சொல்லு."

பள்ளிக்கூடத்தில் அவள் சொன்ன 'பிரசென்ட்'கூட டீச்சருக்குக் கேட்டதில்லை.

மாடியில் இரண்டு தடவை சொன்னாள். யாரும் திரும்பவில்லை. பீம் தாழ்ந்திருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் பயந்து படிக்கட்டுக்கு ஓடுவார்கள். பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள்.

"எல்லாரும் லிஃப்ட் ரூம் பக்கம் போங்கோ!"

"அங்கே வெயிலல்லோ குட்டி," என்றாள் சாவித்ரி அத்தை.

"நீங்க நகர்ந்தாத்தான் மாப்பிள்ளை வெளியே வர முடியும்!"

"இதென்ன புது சடங்கு?" என்றார் நிச்சயம் பண்ணிவைக்க வந்த பிச்சுமணி வாத்தியார். "நானுமா?"

"நீங்கதான் மாமா முதல்ல!"

அவர் தொந்தி குலுங்கச் சிரித்தபடி எழுந்தார். நாற்காலிகள் பின்னாலேயே போயின. வெயிலில் எல்லோரும் முகம் சுளித்து நின்றார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஜானவி கீழ்ப்பக்கம் காதைக் கொடுத்தாள்.

கீழே 'சர்ர்' என்று கதவு ஓடியது.

நவநீத் படியேறி வந்தான். "பெண் பார்க்க வந்தபோது நீ பேசினதே கேக்கலை. இப்போ பால்கனி வரைக்கும் கேட்டுது."

ஜானவி நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"லக்னப் பத்திரிகை வாசிக்கணும், அப்பா எங்கேம்மா?" என்றார் வாத்தியார்.

கீழே சேஷன் ஸ்டூலில் ஏறி நின்று ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.