மூன்றாவது தடவை ஊற்றிய தட்டுகள்

மனித வரலாறே சுத்தத்துக்கும் அழுக்குக்கும் நடக்கும் ஓயாத போர்தான் என்பது ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரின் கொள்கை. அந்தப் போரில் அவர் தரப்பு இரண்டு முறை தோற்றிருந்தது. காளான் இழை வளர்க்க அவர் அகர் என்ற கடற்பாசிக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளில் முதல் தடவை பச்சைப் பூசணம், அடுத்த தடவை கறுப்பு.

போர்க்களம் வீட்டின் பின்னறை. அங்கிருந்து துரத்தப்பட்ட மனைவியின் தையல் மெஷின் நடைவழியில் நின்று, போகிற வருகிறவர் முழங்காலைப் பதம்பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணாவது தடவையும் பூத்துச்சுன்னா ரூம் எனக்கு," என்றாள் மனைவி.

"பூத்தா அது உங்க ரெண்டு பேர் கைங்கரியமாத்தான் இருக்கும்."

இன்னொருவர் மாடியில் குடியிருந்த மைத்துனர். தலையில் மருந்துக்குக்கூட முடி இல்லாதவர். இருவரும் தாண்டக் கூடாதென்று வாசலில் சாக்பீஸ் கோடு விழுந்தது. தாண்டாமல் நின்றவர்களுக்கு, அறுபத்து மூன்று வயதிலும் தன் மீசை நரைக்காததற்குச் சுத்தமான பழக்கங்களே காரணம் என்று ஆய்வாளர் விளக்கினார்.

தட்டுகளைக் குக்கரில் முக்கால் மணி நேரம் அவித்தார். ஸ்பிரிட்டில் கை கழுவினார். முகமூடி கட்டி, ஊசியைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, பத்துத் தட்டிலும் காளான் துணுக்கு வைத்தார். குறை சொல்ல முடியாத வேலை. பிறகு தினமும் காலையில் முகமூடியைத் தாடைக்கு இறக்கி, ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் ஓட்டல் அடுக்களைகளை மோப்பம் பிடித்தே பேர் வாங்கிய மூக்கு அது.

ஆறாம் நாள் பத்தும் பூத்திருந்தன.

"யாரு உள்ள வந்தது?"

"கோட்டைக் கேளுங்க மாமா," என்றார் மைத்துனர்.

"கேக்கவே வேணாம். சாட்சி சிக்கிடுச்சு." ஏழாவது தட்டை வாசலுக்கே கொண்டுவந்தார். பூசணத்தின் நடுவே ஒரு முடி.

மைத்துனர் தன் மண்டையைத் தடவிக்கொண்டார். "நான் தப்பு பண்ணணும்னா முதல்ல விக் வாங்கணும்."

தலை முழுக்க வெளுத்த மனைவி பூதக்கண்ணாடியை வாங்கித் தட்டைப் பார்த்தாள். பிறகு கணவரின் மேலுதட்டைப் பார்த்தாள்.

"மெஷினை ஜன்னல் பக்கம் போடு தம்பி," என்றாள்.

முடி அரை விரல் நீளம். நுனி கன்னங்கரேல் என்றிருந்தது. அடி வெள்ளை.