துறைமுகம் வழி

"லோர்னா, விழுந்து வைக்காத. இன்னைக்கு ஒரு அடக்கம் போதும்."

ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசல் கம்பத்திலிருந்த பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள் லோர்னா. அவள் அண்ணன் ரொகேலியோ ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்திருந்தான். மறு கையால் பேனரின் அடுத்த முனையை விடாமல் பிடித்திருந்தான்.

பேனரில் அப்பா ஆள் உயரத்துக்குச் சிரித்தார். கீழே பெயர் சில்வெரியோ மக்னாயே, வயது எழுபத்துமூன்று, அடக்கம் இன்று மூன்று மணி. கப்பலில் வேலை பார்க்கும் ரொகேலியோவுக்கு எதையும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினால்தான் நிம்மதி.

"இதுல என்ன தப்பு?"

"இதைப் பாத்துட்டு எவனாவது தெரியாம உள்ள வருவானா?"

"எதுக்குத் தெரியாம வரணும்? பெட்டி வீட்டுக்கு வந்த அஞ்சு நாளா யார் யாரோ வந்து சீட்டாடறான், சாப்பிடறான், போறான்."

"அப்பாவோட பாசஞ்சருங்க அண்ணே."

"முப்பத்தஞ்சு வருஷம் ஜீப்னி ஓட்டினா லூசெனா ஊரே பாசஞ்சர்தான். எல்லாருக்கும் சோறு போடுவியா?"

போடுவாள். அதுதான் பிரச்சினை. இரண்டு வாரம் முன்பு அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கடைசி நாள் ஒரு பானை கூட வை. எவனாவது தப்பா வருவான். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சொல்லிடாத." சரி என்று சொல்லிவிட்டாள். காலையிலேயே நான்கு கோழி வெட்டி, வினிகரும் பூண்டும் போட்டு அடோபோ செய்து, தனியாக மூடி வைத்து, வாசலைப் பார்த்தபடி இருந்தாள். தெரிந்தவர்கள்தான் வந்துகொண்டே இருந்தார்கள். ஆறுதல் சொன்னார்கள், அழுதார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். தப்பாக ஒருவரும் வரவில்லை. மணி ஒன்றைத் தாண்டியபோது பேனரை அவிழ்க்க ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அப்பா கேட்டது அந்த ஒன்றே ஒன்றுதான்.

அப்பாவின் ஆசைக்குக் காரணம் அந்தக் குடும்பத்தின் ஒரே சுற்றுலா.

அப்போது லோர்னாவுக்கு ஒன்பது வயது, ரொகேலியோவுக்குப் பன்னிரண்டு. மே மாதம். அப்பா ஆள் ஏற்றும் தன் ஜீப்னியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடலில் குளிக்கக் கிளம்பினார். உனிசான் பக்கம் உச்சி வெயிலில் வண்டி புகை கக்கி நின்றது. எல்லோருக்கும் பசி. தெரு முழுக்க வண்ணக் காகிதக் கொடிகள். திருவிழா நாளில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து சாப்பிடலாம், சாப்பிடாமல் தாண்டிப் போனால்தான் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். ஒரு வீட்டு வாசலில் பந்தல், நீள மேசைகள், ஆவி பறக்கும் சட்டிகள். அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே போனார்.

"திருவிழா வாழ்த்துகள்!"

பந்தலில் ஒரு கிழவரின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது. கரண்டியோடு நின்ற பருத்த பெண்மணி அப்பாவைப் பார்த்தாள், பின்னால் வியர்த்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள்.

"வாங்க, உக்காருங்க. கோழியா, பன்றியா?"

இரண்டும் சாப்பிட்டார்கள். நூடுல்ஸில் என்ன போட்டார்கள் என்று அம்மா கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். ரொகேலியோ மூலையில் இருந்த மைக்கைப் பிடித்து, இடுப்பை ஆட்டி ஒரு காதல் பாட்டு முழுவதையும் பாடினான். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள். பாட்டு அவ்வளவு உருக்கமாக இருக்கிறதென்று நினைத்து அவன் இன்னொன்றும் பாடினான்.

கடைசியில் அப்பா கையில் கோழிக்காலோடு எழுந்தார். "வீட்டுக்காரரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணுமே."

"உள்ளதான் படுத்திருக்கார். வாங்க," என்றாள் அனிசியா என்ற அந்தப் பெண்மணி.

உள்ளே பெட்டி. நான்கு மெழுகுவர்த்தி. கண்ணாடிக்குக் கீழே வீட்டுக்காரர். அப்பாவின் வாயில் இருந்த கோழி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ரொகேலியோ பாடியது ஜெபத்துக்கு வைத்திருந்த மைக்.

"அதை முடிங்க முதல்ல," என்றாள் அனிசியா. "சாப்பாட்டைப் பாதியில விட்டா அவருக்குப் பிடிக்காது."

வண்டியைச் சரி செய்து, அன்று மாலை ஊர்க்காரர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு நடையாக ஏற்றிப் போனது அப்பாதான். அனிசியா அவர்களை விடவில்லை. அவள் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் கடல். அவள் பிள்ளைகளோடு மூன்று நாள் தோல் கறுக்கக் கறுக்கக் குளித்தார்கள். லோர்னா அதைவிடச் சந்தோஷமான மூன்று நாட்களை அப்புறம் பார்த்ததில்லை. கிளம்பும்போது மட்டும் யாரும் வாசலுக்கு வரவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்பக் கூடாது, சாவும் அவர்கள் கூடவே கிளம்பிவிடும். அனிசியா முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பூண்டு உரித்தாள்.

இந்தக் கதையை அப்பா பாசஞ்சர்களுக்கெல்லாம் சொன்னார். வருஷத்துக்கு வருஷம் அந்தக் கோழிக்கால் பெரிதாகிக்கொண்டே போனது. ரொகேலியோ அதற்குப் பிறகு மைக்கைத் தொட்டதில்லை. துக்க வீடு என்றால் தெருமுனைக்கே தெரியும்படி பேனர் கட்டுவான்.

இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டம் அப்பாவின் சொந்த ஊரில், அரை மணிப் பயணம். சவ வண்டிக்காரன் வெளியூர்க்காரன், வழி தெரியாது. "நான் அப்பாவோட ஜீப்னில முன்னாடி போறேன், நீ என் பின்னாடியே வா," என்றான் ரொகேலியோ. பக்கத்துக்கு ஆறு பேர் உட்காரும் நீள பெஞ்சுகளில் குடும்பம் வெள்ளைச் சட்டையில் ஏறியது. லோர்னா திறக்காத பானையை மடியிலும், இலையில் மடித்த சோற்றைப் பக்கத்திலும் வைத்துக்கொண்டாள்.

"அதை எங்கடி தூக்கிட்டு வர்ற?" என்றாள் அம்மா பசிட்டா.

"குழி வெட்டறவங்களுக்குக் குடுக்கலாம்."

"அவங்க தப்பா வந்தவங்க இல்லையே."

"அம்மா, சும்மா இரு."

அம்மா சிரித்தாள். ஐந்து நாளில் அவள் அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம். வந்தவர்கள் எல்லோரும் அந்த மனுஷனைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். டென்சியோ மட்டும் வரவில்லை. துறைமுக நிறுத்தத்தில் ஆள் கூப்பிட்டு வண்டி நிரப்புகிறவன் அவன். நிறைந்த வண்டியின் பக்கத் தகட்டில் இரண்டு தட்டு தட்டுவான், அதுதான் புறப்படச் சொல்வது. அப்பாவைப் பெட்டிக்குள் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

நாற்சந்தியில் ரொகேலியோ வேகத்தைக் குறைத்தான். மழைக்குள்ளிருந்து ஒரு குடும்பம் ஓடி வந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், காற்றடைத்த மஞ்சள் நீச்சல் வளையம் ஒன்று. யாரும் எதுவும் சொல்வதற்குள் பின்படியில் ஏறி, நனைந்த பைகளை உள்ளே தள்ளி, பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அப்பாடா! ஒரு மணி நேரமா ஒரு வண்டியும் நிக்கலை," என்றான் அந்த ஆள். "நாலு மணிதான் கடைசி படகு. மரிந்துக்கே தீவுக்கு. பசங்களுக்கு இதுதான் முதல் டூர். துறைமுகம்தானே?"

வண்டியின் நெற்றியில் 'துறைமுகம் வழி' என்ற அப்பாவின் பலகை இருந்தது. கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. துறைமுகம் இடது பக்கம். கல்லறைத் தோட்டம் நேரே. அங்கே மூன்று மணிக்குப் பாதிரியார் காத்திருப்பார்.

லோர்னா பின்பார்வைக் கண்ணாடியில் அண்ணனின் கண்களைப் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பின்னால் வரும் வண்டியைப் பார்த்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த அப்பாவின் சின்ன மாதா படத்தைப் பார்த்தான். இடது பக்க விளக்கு டிக் டிக் என்று துடிக்க ஆரம்பித்தது.

"போர்டு மாட்டிட்டு வேற எங்க போறது," என்றான், யாரிடமோ கோபித்துக்கொள்வது போல.

லோர்னா பானையைத் திறந்தாள். ஜீப்னியில் பாசஞ்சர் கொடுப்பது கை மாறிக் கை மாறி முன்னால் போகும். இன்று கோழியும் சோறும் பொட்டலமாகக் கை மாறிப் பின்னால் போயிற்று. குழந்தைகள் விரல்களை நக்கினார்கள். சின்னவள் இன்னொரு துண்டு கேட்டாள், லோர்னாவின் அம்மா தன் பங்கையும் கொடுத்தாள்.

"இப்படி ஒரு அடோபோ நான் சாப்பிட்டதே இல்லைக்கா," என்றாள் அந்தப் பெண். "எல்லாரும் வெள்ளையில ஜோரா இருக்கீங்க. ஏதாவது விசேஷமா?"

லோர்னா அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பொட்டலத்தில் இன்னும் சோறு இருந்தது. "எங்க அப்பாவோட நாள்," என்றாள்.

"அடடே! அவருக்கு ஒரு வாழ்த்து சொல்லணுமே. எங்க அவர்?" என்று அவன் கோழிக்காலோடு சுற்றிலும் பார்த்தான்.

அம்மா லோர்னாவைப் பார்த்தாள். லோர்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு கண் வழியாக வழிந்தது.

"பின்னாடி வண்டில வர்றார்," என்றாள் அம்மா.

அவன் திரும்பினான். திறந்த பின்பக்கம், மழை. இரண்டு முகப்பு விளக்குகளோடு பூமாலை சுற்றிய நீள வெள்ளை வண்டி அடக்கமாகத் தொடர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் ஒன்பது வண்டிகள்.

கோழிக்கால் அவன் கையில் அப்படியே நின்றது.

"அதை முடிங்க முதல்ல," என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து ரொகேலியோவின் குரல் வந்தது. "சாப்பாட்டைப் பாதியில விட்டா அவருக்குப் பிடிக்காது."

துறைமுக நிறுத்தத்தில் ரொகேலியோ வரிசையில் போய் நின்றான். வழி தெரியாத சவ வண்டிக்காரனும் ஒழுங்காக அவன் பின்னால் வரிசையில் நின்றான். அந்தக் குடும்பம் பைகளை இறக்கியது. சின்னவள் நீச்சல் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு கையசைத்தாள். ஜீப்னியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. எல்லோரும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அம்மா காலிப் பானையின் மூடியைத் தன் பாவாடையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கு இடம், ரெண்டு பேருக்கு இடம்!" என்று கத்தியபடி வரிசையில் வந்த டென்சியோ, பலகையைப் படித்தான். வண்டியைப் பார்த்தான். அதன் பின்னால் நின்றதையும் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

பிறகு சவ வண்டியின் அருகே நடந்து போய், நனைந்த வெள்ளைத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான்.